பழைய வண்டியும் புதிய வேகமானியும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறி வாழும் நம்மவரிடம் பழைய மோட்டார் வண்டி ஒன்று இருக்குமாயின், அது பெரும்பாலும் தேடிச் சென்று வாங்கியதாக இராது. மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊர் திரும்பும் நண்பர் ஒருவர், "இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுச் சென்றதாகவே இருக்கும். கொல்கத்தா மாநகரின் தென்பகுதியாகிய டாலிகஞ்சில் நாம் வைத்திருக்கும் அம்பாசடர் வண்டியும் அவ்வாறு வந்ததே. அது பிறந்த இடமும் தொலைவில் இல்லை. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அத்தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, இவ்வண்டிகளை வைத்திருப்போர், உறுப்பு ஒன்று பழுதானால் புதியது தேடுவதா, வேறொன்றைப் பொருத்துவதா என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் நம் வண்டியின் வேகமானி நின்றுபோனபோது நாம் எண்ணிப் பார்த்ததையும், எண்ணாமல் செய்துவிட்டதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

டாலிகஞ்சு தமிழர்க்கு முற்றிலும் அயலான இடமன்று. 1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களைக் கும்பினியார் வங்கத்துக்குக் கொண்டுவந்து இப்பகுதியில் குடிவைத்தனர். அக்குடும்பத்து இளவரசர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அன்வர் ஷா சாலை இன்றும் இங்கே பெருஞ்சாலையாக விளங்குகின்றது. நம் கதையின் இக்கட்டான கட்டமும் அச்சாலையிலேதான் நிகழ்ந்தது. அதற்கு முன்னர், வேகமானி என்பது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்றே பார்த்துவிடுவோம்.

பழைய வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் என்று யாவரும் வழங்கும் கருவிக்கு மின்சாரமே வேண்டியதில்லை. இரவில் எண்களைக் காட்டும் சிறு விளக்கு ஒன்றைத் தவிர. கியர் பெட்டியின் பின்பகுதியிலுள்ள சிறு பற்சக்கரம் ஒன்று, எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த நீண்ட கேபிளைச் சுழற்றுகின்றது. அக்கேபிள் வண்டித் தளத்தின் அடியாகச் சென்று, ஓட்டுநரின் முன்னுள்ள கருவிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகின்றது. காந்தத்தைச் சூழ்ந்து, அதனைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கின்றது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, கிண்ணமும் காந்தத்தின் பின்னே செல்ல முயல்கின்றது; மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைப் பின்னுக்கு இழுக்கின்றது. இந்த இழுபறியில் எவ்வளவு தூரம் கிண்ணம் திரும்புகின்றதோ அவ்வளவு தூரம் முள் நகர்கின்றது. ஜெர்மனியரான ஓட்டோ ஷுல்சே என்பார் 1902ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளில் இதே இழுபறி நடந்து வந்திருக்கின்றது.

நம் வண்டியில் அறுந்தது கேபிள். அதோடு நின்றிருந்தால் மல்லிக் பஜாரில் தேடி ஒன்று வாங்கியிருக்கலாம். பழைய மோட்டார் உறுப்புகளுக்கு இந்நகரில் பெயர் பெற்ற இடம் அது. ஆனால் கருவிக்குள்ளும் துருவேறி முள் இறுகிப்போயிருந்தது. அவ்வேளையில் அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர், டிஜிட்டல் கருவிகள் கொண்ட பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். வேகம், எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், எரிபொருள், மின்கலத்தின் அழுத்தம் ஆகிய ஐந்தும் ஒளிரும் எண்களாகத் தோன்றும் கருவி. இலவசமாக வந்த பொருளுக்கு நாம் செலுத்தும் விலை எப்போதும் பின்னரே தெரியவரும்.

கருவி வந்து சேரும்வரை ஏறக்குறைய ஒரு வாரம் வேகமானி இல்லாமலே வண்டியை ஓட்டினோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 117ஆம் விதி, வண்டியில் வேகமானி இருத்தல் வேண்டும் என்று கூறுவதை நாம் அறியாதவர் அல்லோம். அந்த வாரம் முழுவதும் எஞ்சினின் ஒலியையும், பக்கத்தில் செல்லும் வண்டிகளின் போக்கையும் பார்த்து மெல்லவே சென்றோம் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கின்றோம். பின்னர் நிகழ்ந்ததோடு ஒப்பிட அது வேண்டும்.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரி ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டார். அவர் நம்மைத் 'தாதா' என்பார். நாமும் அவரைத் 'தாதா' என்போம். வங்கத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் மூத்தவராயிருப்பதில் தடையில்லை. எண்ணெய் அழுத்தம், வெப்பம் முதலியவற்றை ஒரே நாளில் இணைத்துவிட்டார். வேகத்துக்கு உரிய கம்பி மட்டும் வெள்ளை நிறத்தில், எங்கே போவது என்று அறியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கருவியின் பின்னே கேபிள் நுழையும் துளைதான் இருந்தது. கம்பி சேரும் இடமே இல்லை. "தாதா, இதற்கு வேறொரு சாமான் வேண்டும்" என்றார் அவர்.

அந்தச் சாமானின் பெயரே வேக உணரி. கியர் பெட்டியில் கேபிள் திருகப்பட்டிருந்த இடத்தில் இதனைத் திருக வேண்டும். சுழற்சியை இது மின்துடிப்புகளாக மாற்றி அனுப்பும். கேபிள் சுழன்று சொன்னதை, இது துடித்துச் சொல்லும் எனலாம். திருகின் புரி ஒன்றுக்கொன்று பொருந்தாமையால், இடையில் வைக்கும் பித்தளை இணைப்பு ஒன்றை ஹௌராவில் லேத் பட்டறையில் கடைந்து வாங்க நேர்ந்தது. கிட்டாத உறுப்பைக் கடைந்து தருவதில் ஹௌராவுக்கு நிகர் ஹௌராவே.

உணரிகளில் இருவகை உண்டு. இரண்டு கம்பிகள் கொண்டது ஒரு வகை. காந்தத்தின் மேல் சுற்றிய கம்பிச் சுருளின் அருகே பற்சக்கரத்தின் பற்கள் கடந்து செல்லும்போது அதில் மின்னழுத்தம் தானே எழும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டுவதில்லை. ஆனால் வண்டி ஊர்ந்து செல்லும்போது எழும் அழுத்தம் மிகச் சிறியதாகையால் கருவிக்கு அது கேட்காமலே போகலாம். மற்றது மூன்று கம்பிகள் கொண்டது. மின்னோட்டம் செல்லும் தகடு ஒன்றின் அருகே காந்தம் வந்தால் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர், மாணவராயிருந்த காலத்தில், 1879இல் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இவ்வகை உணரி வழங்கப்படுகின்றது. வண்டி எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் இதன் துடிப்பு ஒரே அளவினதாக இருக்கும். நாம் வாங்கியது இவ்வகையே; ஒரு சுற்றுக்கு 8 துடிப்புகள் தருவது.

மூன்று கம்பிகளில் ஒன்று மின்சாரம் பெறுவது, ஒன்று எர்த், மூன்றாவது செய்தி சொல்லுவது. இம்மூன்றையும் இணைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கின்றது என்று நாமும் நினைத்தோம், மிஸ்திரியும் நினைத்தார். சாவியைத் திருப்பியதும் கருவி ஒளிர்ந்தது. வண்டியை ஓட்டினோம். வேகம் 0 என்றே இருந்தது.

கம்பியில் மின்சாரம் வருகின்றதா என்று பார்ப்பதற்கு மிஸ்திரிகள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சாதனம் டெஸ்ட் லாம்ப் எனப்படும் சிறு பல்பு. நம் மிஸ்திரி அதன் ஒரு முனையை மின்கலத்தின் நேர்முனையிலும் மறுமுனையைச் செய்திக் கம்பியிலும் வைத்தார். முகப்பு விளக்கின் கம்பிக்கு அது பொருந்தும், உணரிக்குப் பொருந்தாது. பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை உணரிக்குள்ளிருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர் தாங்காது. முதல் உணரி அவ்வாறே மாண்டது. இரண்டாவதை வாங்கியபோது மல்டிமீட்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டோம். உணரியின் கம்பிகளை மல்டிமீட்டராலன்றி வேறொன்றாலும் தொடலாகாது என்பது நாம் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

இரண்டாவது உணரியும் முதலில் ஊமையாகவே இருந்தது. இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. இத்தகைய உணரிகளிற் பல, செய்திக் கம்பியில் மின்சாரத்தைத் தாமாக வெளியிடுவதில்லை. அக்கம்பியை எர்த்தோடு சேர்ப்பதும் விடுவதுமாக, கதவைத் திறந்து மூடுவதுபோல், வேலை செய்கின்றன. கம்பியில் ஏற்கெனவே மின்னழுத்தம் ஒன்று நின்றாலன்றி, திறந்ததற்கும் மூடியதற்கும் வேறுபாடு தோன்றாது. சில கருவிகள் அந்த அழுத்தத்தைத் தாமே உள்ளிருந்து தருகின்றன, சில தருவதில்லை. தராத கருவிக்கு, மின்சாரக் கம்பிக்கும் செய்திக் கம்பிக்கும் இடையே 1,000 ஓம் முதல் 10,000 ஓம் வரையுள்ள மின்தடை ஒன்றை வைத்துவிட்டால் போதும். கடலை அளவுகூட இல்லாத உறுப்பு. விலை சில காசுகள். அதனை வைத்ததும் கருவியில் எண் தோன்றியது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உணரி 5 வோல்ட்டில் இயங்குவதா 12 வோல்ட்டில் இயங்குவதா என்பதை அதனோடு வரும் தாளில் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும். 5 வோல்ட் உணரிக்குக் கருவியே மின்சாரம் தரும். அதனை வண்டியின் மின்கலத்தோடு நேரே இணைத்தால் நொடியில் கருகும். வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதாயின், சாவி திறந்தால் மட்டுமே உயிர்பெறும் கம்பியிலிருந்து, சிறிய பியூஸ் ஒன்றின் வழியாக எடுக்க வேண்டும். பிரித்தானிய முறையில் செய்யப்பட்ட மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இக்காலத்துக் கருவி எதனையும் இணைக்கும் முன்னர் மின்கலத்தின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்று பார்ப்பது நலம்.

எண் தோன்றியது என்றோம். எண் தோன்றினால் மட்டும் போதுமா? வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வேகம் 12 என்றது கருவி. பின்பு 31 என்றது. பின்பு 0. நம் மகன் சிரித்தான். "அப்பா, நாம் வீட்டிலிருந்தபடியே ஊருக்குப் போய்விடலாம்" என்றான். நிற்கும் வண்டிக்கு வேகம் வந்தது எப்படி? மிஸ்திரி வெள்ளைக் கம்பியை, இடம் கிடைத்த வழியே, ஸ்பார்க் பிளக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பிளக் கம்பிகளில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். அது ஒவ்வொரு முறை பாயும்போதும் அண்டையிலுள்ள கம்பியில் ஓர் அதிர்வை எழுப்பும். கருவியோ, வந்தது உணரியின் துடிப்பா அண்டை வீட்டாரின் கூச்சலா என்று பகுத்தறியாது. எண்ணுவது ஒன்றே அதன் தொழில். கம்பியைப் பிளக் கம்பிகளுக்கும், இக்னிஷன் காயிலுக்கும், ஆல்டர்னேட்டருக்கும் விலக்கி, வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசென்றோம். மேலே பின்னல் உறை போர்த்த கம்பியாக அதனை மாற்றி, உறையின் ஒரு முனையை மட்டும் எர்த்தோடு சேர்த்தோம். இரு முனைகளையும் சேர்த்தால் உறையே தீமை செய்யும். எண் அடங்கியது.

அடங்கியும், முகப்பு விளக்கைப் போட்டால் மட்டும் வேகம் சற்றே தடுமாறிற்று. அதன் காரணம் எர்த். துருவும் பழைய வண்ணமும் படிந்த தகட்டில் எர்த் கம்பியைத் திருகியிருந்தார்கள். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கருவியின் எர்த்தையும் உணரியின் எர்த்தையும் ஒரே திருகில் சேர்த்த பின்னர் அந்தத் தடுமாற்றமும் நின்றது. பழைய வண்டிகளின் மின் நோய்களிற் பாதி எர்த்தில் இருப்பன என்பது நம் எண்ணம். இதனை எந்த நூலிலும் படித்துச் சொல்லவில்லை.

இப்போது கருவி நன்றாக வேலை செய்தது. நின்றால் 0, நகர்ந்தால் 5, 6, ஏறினால் 20, 30. எண்கள் துள்ளவில்லை. மயக்கம் எதுவும் காட்டவில்லை. வண்டியில் ஏறியவர் எல்லாரும் பாராட்டினர். இனிமேல் ஒலியைக் கேட்டு வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை என்று நாமும் காதை மூடிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, மகன் வண்டியை ஓட்ட, நாம் பக்கத்தில் அமர்ந்து, அன்வர் ஷா சாலையில் சென்றுகொண்டிருந்தோம். நின்றிருந்த பேருந்தின் முன்னிருந்து, கையில் பையோடு முதியவர் ஒருவர் சாலைக்கு இறங்கினார். மகன் பிரேக்கை அழுத்தினான். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மேலும் சென்றது, மேலும் சென்று, அவருடைய வேட்டியின் மடிப்பு முன் தடுப்பில் உராயும் அளவில் நின்றது. பையிலிருந்து பட்டாணிக் காய்கள் சாலையில் சிதறின. அவர் நம்மைத் திட்டவில்லை. சன்னல் ஓரம் வந்து, "என்ன வேகத்தில் வந்தாய், பாபா?" என்று மகனைக் கேட்டார். மகன் கைநடுங்கக் கருவியைக் காட்டி, "32தான், தாது" என்றான். பின்னால் வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரர் அதைக் கேட்டுவிட்டு, "32 என்பதா? உன் பின்னால் நான் 45இல் வந்தேன்" என்றார்.

பட்டாணிக் காய்களைப் பொறுக்கிக் கொடுத்தோம். மகன் அன்று வண்டியை மேலும் ஓட்டவில்லை; இடம் மாறி அமர்ந்துகொண்டான். அவன் பொய் சொல்லவில்லை. கண் கண்டதைச் சொன்னான். பொருத்தியவர் நாம்.

வேகமானி ஊமையாயிருந்த வாரத்தில் நாம் அஞ்சி ஓட்டினோம். பேசத் தொடங்கியபின் அதன் பேச்சை நம்பி ஓட்டினோம். பிரேக் போட்டபின் வண்டி செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 32க்கும் 45க்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு. மகனுடைய கண்ணும் காலும் 32க்கு வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டன. வண்டி 45க்கு உரிய தூரத்தை எடுத்துக்கொண்டது.

ரெயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டில் காண்பதுண்டு. முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் வாங்க வரும் நம்மவர் கூடும் இடம் அது. நடந்ததைச் சொன்னோம். அவர், "கம்பி எல்லாம் சரியாக இருக்கிறதல்லவா? அப்படியானால் எண்ணில்தான் பிழை, தம்பி. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று கருவிக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டார். "அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா" என்றோம். "நீங்கள் சொல்லாவிட்டால், செய்தவன் சொன்னதையே அது வைத்துக்கொண்டிருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து தாளைப் படித்தோம். கருவி செய்யப்பட்ட நாட்டில் மைல் கணக்கு. ஒரு மைலுக்கு 16,000 துடிப்புகள் என்று தொழிற்சாலையிலேயே அதற்கு ஓதியிருந்தார்கள். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 9,942. நாம் மைலைக் கிலோமீட்டராக மாற்றும் பொத்தானை அழுத்தியிருந்தோம். அது காட்டும் அலகை மாற்றியதேயன்றி, எண்ணும் கணக்கை மாற்றவில்லை. நாள்தோறும் அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கும் நமக்கு இது சற்று உறைத்தது. மில்லியன் என்று இருப்பதை இலட்சம் என்று எழுதிவிட்டால் வாக்கியம் அழகாகவே இருக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. படிப்பவர் ஐயுறவும் மாட்டார். அந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பதற்காகவே நமக்குச் சம்பளம் தருகிறார்கள். நம் வீட்டு வாசலில் நின்ற பிழையை நாம் காணவில்லை.

அடுத்த ஞாயிறன்று பெரியவரே வந்தார். நம் சந்தில், சமமான இடத்தில், அளவுநாடாவால் 20 மீட்டர் அளந்து சுண்ணக்கட்டியால் இரு கோடுகள் இட்டோம். உணரியைக் கழற்றி, அறுந்த பழைய கேபிளின் எஞ்சிய துண்டைக் கியர் பெட்டியில் திருகி, அதன் நுனியில் கொடிபோல் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினோம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, கியரை நடுநிலையில் வைத்து, மகனும் அண்டை வீட்டுப் பையன்கள் மூவரும் வண்டியை மெல்லத் தள்ள, நாம் கதவைத் திறந்து குனிந்தபடி உடன் நடந்து கொடியின் சுற்றுகளை எண்ணினோம். முதன்முறை பதினேழரைச் சுற்று. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை, பையன்கள் ஆர்வ மிகுதியால் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்டபடியால், கணக்கில் கொள்ளவில்லை. 20 மீட்டருக்குப் பதினேழரை எனின், கிலோமீட்டருக்கு 875 சுற்று. சுற்றுக்கு 8 துடிப்பு. ஆக 7,000.

கருவி 9,942 துடிப்பு வந்தால்தான் ஒரு கிலோமீட்டர் என்று காத்திருக்க, வண்டியோ 7,000 மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. 45 என்னும் வேகத்தை 7,000ஆல் பெருக்கி 9,942ஆல் வகுத்தால் 32 வருகின்றது. அன்வர் ஷா சாலையில் மகன் கண்ட அதே 32. பெரியவர் அந்தக் கணக்கைச் சுண்ணக்கட்டியால் தரையிலேயே போட்டுக் காட்டினார். மகன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இச்சோதனையைச் செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தள்ளுவதற்குச் சோம்பி, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கையால் சுற்றி எண்ணலாம் என்று சிலர் கூறுவர். கம்பியில் துடிப்பு வருகின்றதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பதற்கு அது போதும். கணக்குக்கு ஆகாது. ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றொன்று மட்டும் சுழலும்போது, டிபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பின் இயல்பால், உள்ளே செல்லும் தண்டு பாதியளவே சுழலும். அந்த எண்ணை நம்பினால் பிழை இரட்டிப்பாகும். எவ்வாறாயினும், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமலும், அச்சின் கீழே உறுதியான தாங்கி வைக்காமலும் தூக்கிய வண்டியின் அடியில் எவரும் புகலாகாது.

சந்தில் எண்ணியதில் கால் சுற்றுப் பிழை நேர்ந்திருந்தாலும் நூற்றுக்கு ஒன்றரை அளவு வேறுபடும். ஆகவே நீண்ட தூரத்தில் சரிபார்க்க எண்ணி, ஒரு விடியற்காலையில் வித்யாசாகர் பாலத்தைக் கடந்து கோனா விரைவுச்சாலை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 16இல் ஏறினோம். நேயர்களுட் பலர் அறிந்திருக்கலாம்: ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து அச்சாலை சென்னையில் போய் முடிகின்றது. அதன் கிலோமீட்டர்க் கற்களைக் காணும்போது நம்மவர்க்குக் கணக்கு மறந்து வேறு நினைவு வந்துவிடும். மகன் கற்களை எண்ணினான். ஒற்றைக் கல் இடம் பெயர்ந்து நடப்பட்டிருக்கலாமாகையால் பத்துக் கற்களைக் கணக்கிட்டோம். கருவி 10.1 என்றது. பின்னர், வேகத்தை மாற்றாமல் 60இல் நிறுத்தி, கல்லிலிருந்து கல்லுக்குக் கடிகாரம் பார்த்தோம். 3,600ஐ நொடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 60 எனின் சரியாக 60 நொடி. கைப்பேசியிலுள்ள ஜி.பி.எஸ். காட்டிய வேகமும் ஓர் எண்ணுக்கு மேல் வேறுபடவில்லை. மேம்பாலங்களின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் ஜி.பி.எஸ். தடுமாறும் என்பதால் வெட்டவெளியில் பார்ப்பதே தக்கது.

10.1 என்பதை 10 ஆக்குவதற்கு 7,000 என்பதை 7,070 என மாற்றினால் முடிந்தது. பெரியவர் வேண்டாம் என்றார். ஐக்கிய நாடுகள் அவை மோட்டார் வண்டிகளுக்கென வகுத்த 39ஆம் ஒழுங்குவிதி, வேகமானி காட்டும் எண் உண்மை வேகத்தினும் ஒருபோதும் குறைதல் ஆகாது என்று கூறுகின்றது. மிகையாகக் காட்டுவதாயின், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவுவரை பொறுக்கின்றது. 60இல் செல்லும் வண்டி 70 காட்டினும் குற்றமில்லை. 59 காட்டினால் குற்றம். நம் கருவி நூற்றுக்கு ஒன்று மிகையாகக் காட்டியது. அதனை அவ்வாறே விட்டுவிட்டோம்.

இனி எஞ்சியவை சிறு வேலைகள். மழைக்காலத்தில் டாலிகஞ்சின் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்கும். கியர் பெட்டியின் அடியிலுள்ள இணைப்பு அதில் முழுகும். ஆகவே இணைப்புகளைப் பற்றவைத்து, சூடுபட்டால் இறுகும் குழாய் உறையைப் போர்த்து, முனையைக் கீழ்நோக்கி அன்றி மேல்நோக்கி வளைத்துக் கட்டினோம். கம்பி வழியே வடியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். புதிய கருவி, ஓடிய தூரத்தை 0இலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. பழைய வண்டியைப் புதிது என்று பிறர் நம்ப இடம் தரலாகாதாகையால், பழைய கருவி நின்ற எண்ணையும் மாற்றிய நாளையும் வண்டியின் பதிவுத் தாள்களோடு எழுதி வைத்தோம்.

டாஷ்போர்டிலுள்ள பெட்டியின் மூடியில், உட்புறம், மகன் தன் கையால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். சிவப்பு மின்சாரம், கறுப்பு எர்த், வெள்ளை செய்தி, கிலோமீட்டருக்கு 7,000 என்று தமிழிலும், மிஸ்திரிக்காக வங்காளியிலும் எழுதியிருக்கிறான். அதன் கீழே இன்னொரு வரியும் உண்டு: டயரின் அளவை மாற்றினால் மறுபடியும் 20 மீட்டர் தள்ள வேண்டும்.